கால் சென்டர் வேலை எப்படி இருக்கும்?



படிப்பு முடிந்ததும் கால் சென்டருக்குப் போகலாம் என்று நம்மில் பலர் பேசிக்கொள்கிறோம். ஏசி ரூம், இங்கிலீஷ் பேச்சு, ஜாலிதான் என்று நானும் நினைத்தேன். சென்னையில் அந்த வேலை பார்க்கும் என் அக்காவிடம் கேட்டதை எழுதுகிறேன்.

1. நேரம்: நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 7.30. அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பதால் அப்போது மாலை 6.30. அதனால் அக்காவுக்கு இரவில் வேலை, பகலில் தூக்கம். அவள் எழும்வரை அம்மா மிக்ஸி போட மாட்டார்.

2. பயிற்சி: சேர்ந்ததும் பேசக் கற்றுத் தருவார்கள். நாம் 'ஷெட்யூல்' என்பதை அமெரிக்கர்கள் 'ஸ்கெஜூல்' என்பார்கள். இதைவிட முக்கியம், எதிராளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது.

3. பொறுமை: ஒரு அழைப்பு முடிந்ததும் அடுத்தது வந்துவிடும். பேச்சு பதிவாகும், எத்தனை நிமிடம் என்றும் கணக்கு உண்டு. எவ்வளவு திட்டினாலும் திருப்பித் திட்டக்கூடாது. முதல் மாதம் அக்கா அழுதாளாம். "அவங்க என்னைத் திட்டலை, கெட்டுப்போன பொருளைத் திட்டறாங்கன்னு புரிஞ்சப்புறம் பழகிடுச்சு" என்றாள்.

போன வாரம் ரீசார்ஜ் ஏறவில்லை என்று கஸ்டமர் கேரில் கத்தினேன். பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. மறுபடி போன் செய்து, மெதுவாகப் பேசினேன். எடுத்தது வேறொருவர். ஆனாலும் "ஸாரி" சொல்லிவிட்டேன்.

நீங்களும் மெதுவாகப் பேசுங்கள்.