ஒத்தை சிகரெட்டில் ஒளிந்து போன டெலிபோன் நம்பர்!

"நாளைக்கு விட்டுடறேன்" ஆசாமிகள் கவனிக்க

பெரம்பலூர்-அரியலூர்: சிகரெட்டை விட உதவி செய்யும் டெலிபோன் நம்பர் ஒன்று சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடிக்கப்பட்டு இருக்கிறது. ஆனால் டீக்கடை வாசலில் நின்று புகை விடுகிற பலரின் கண்ணில் அது படுவதே இல்லை!

காரணம், அவர்கள் பாக்கெட் வாங்குவது இல்லை. ஒத்தை சிகரெட்தான் வாங்குகிறார்கள். நம்பர் கடைக்காரர் பெட்டியில். சிகரெட் இவர் வாயில்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

டீயும் தம்மும்

பெரம்பலூரில் ரெயில் கிடையாது. ரெயில் பிடிக்க வேண்டும் என்றால் அரியலூருக்கு சுமார் 30 கிலோ மீட்டர் பஸ் ஏற வேண்டும். பஸ் வரும்வரை என்ன செய்வது? ஒரு டீ. டீ வந்தால் கூடவே ஒரு தம்.

அரியலூர் பக்கம் வேறு மாதிரி. அது சிமெண்டு ஊர். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. லோடு ஏறும்வரை காத்திருக்க வேண்டும். மறுபடி டீ. மறுபடி தம்.

ஆபீஸ் குமாஸ்தாவுக்கு 11 மணி டீ. கடைக்காரருக்கு வியாபாரம் ஓய்ந்த மத்தியான நேரம். ஆள்தான் வேறு, பழக்கம் ஒன்றுதான்.

"விட முடியலையா?" என்று கேட்டால் வருகிற பதிலும் ஒன்றுதான். "விட்டுடலாம் சார், அது பெரிய விஷயமே இல்லை. நாளைக்குப் பாருங்க!"

அந்த நாளை வருவதில்லை.

விட நினைப்பவர்கள் குறைவா?

இல்லவே இல்லை. மத்திய அரசு 2016-17-ல் நாடு முழுவதும் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், புகை பிடிப்பவர்களில் 100-க்கு 38 பேர் அதற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் விட்டுவிட முயன்றதாகச் சொல்லி இருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மேல் விடும் யோசனையில் இருந்தார்கள்.

ஆக, ஆசை இருக்கிறது. முயற்சியும் இருக்கிறது. பிறகு எங்கே சறுக்குகிறது?

யார் துணையும் இல்லாமல், மருந்தும் இல்லாமல், ஒரே மூச்சில் விடுகிறவர்களில் 100-க்கு 3 முதல் 5 பேர்தான் ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டி நிற்கிறார்கள் என்று பல நாட்டு ஆராய்ச்சிகள் கூறுகின்றன. மற்றவர்கள் எல்லாம் கோழைகளா? இல்லை. எதிரி யார் என்று தெரியாமல் மோதினார்கள், அவ்வளவுதான்.

மூளைக்குள் ஒரு பிக்பாக்கெட்

அந்த எதிரியின் பெயர் நிகோடின். புகையை உள்ளே இழுத்த 10, 20 வினாடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே ஒரு சுகத்தைக் கிளப்பிவிடுகிறது. சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. உடனே மூளை "எங்கே அடுத்தது?" என்று கேட்க ஆரம்பிக்கிறது. எரிச்சல், சிடுசிடுப்பு எல்லாம் வருகிறது.

அப்போது ஒன்றைப் பற்ற வைத்தால் எரிச்சல் அடங்குகிறது. "பாத்தீங்களா, டென்ஷன் போச்சு!" என்கிறார் நம்ம ஆள்.

பஸ் நிலையத்தில் பர்சை அடித்தவனே ஓடி வந்து, "சார், உங்க பர்ஸ் கீழே கிடந்தது" என்று கொடுத்து நன்றி வாங்கினால் எப்படி இருக்கும்? சிகரெட் செய்வதும் அதே வேலைதான். டென்ஷனைக் கொண்டு வந்ததும் அதுதான். போக்குவதுபோல் நடிப்பதும் அதுதான்.

முதல் 3 நாள் கண்டம்

கடைசி சிகரெட்டை அணைத்த 20 நிமிடத்தில் நாடித்துடிப்பு இறங்கத் தொடங்குகிறது. ஒரு நாளுக்குள் ரத்தத்தில் கலந்த கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வெளியேறிவிடுகிறது. இது நல்ல செய்தி.

கெட்ட செய்தி, இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் கண்டம். தூக்கம் வராது. வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழத் தோன்றும். வேலையில் மனசு ஒட்டாது. பசி கூடும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் இவை படிப்படியாக அடங்கும். "எனக்கு உடம்பே சரியில்லாமப் போச்சு, அதான் திரும்ப ஆரம்பிச்சேன்" என்று சொல்கிறவர்கள் பலர் விழுந்தது இந்த நாட்களில்தான். அது நோய் அல்ல. நிகோடின் வீட்டைக் காலி செய்யும்போது போடும் கூச்சல்!

ஒவ்வொரு தவிப்பும் பெரும்பாலும் 5 நிமிடத்துக்குள் தணிந்துவிடும். அந்த 5 நிமிடத்தைத் தாண்டிவிட்டால் அந்த ரவுண்டு உங்களுக்கு. தண்ணீர் குடிக்கலாம். கொஞ்ச தூரம் நடக்கலாம். கொய்யாவோ கடலையோ மெல்லலாம். டீயை ஆபீசுக்கே வரவழைத்துக் குடிக்கலாம். டீக்கடை வாசலில் நிற்காமல் இருப்பதே பாதி வெற்றி.

10 நாள் விட்டவரைத் திரும்ப விழ வைப்பதும் இந்த ஒத்தை சிகரெட்தான். பாக்கெட் வாங்க வேண்டும் என்றால் கை யோசிக்கும். ஒன்றே ஒன்று என்றால் சில்லரை போதும். யோசிக்க நேரமே இல்லை!

மகாராஷ்டிர அரசு 2020-ல் ஒத்தை சிகரெட், பீடி விற்பனைக்குத் தடை போட்டது. பாக்கெட்டில் உள்ள எச்சரிக்கை வாங்குகிறவர் கண்ணுக்குப் போய்ச் சேருவதில்லை என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம்.

விழுப்புரம் கிராமங்கள் சொன்ன கணக்கு

"எங்க தாத்தா 80 வயசு வரைக்கும் சுருட்டு குடிச்சார்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு.

சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் 1990-களில் இறந்த சுமார் 43 ஆயிரம் ஆண்களைப் பற்றி டாக்டர் கஜலட்சுமி தலைமையிலான குழு வீடு வீடாக விசாரித்தது. உயிரோடு இருந்த 35 ஆயிரம் ஆண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. முடிவு 2003-ல் லண்டன் "லான்செட்" மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது.

புகை பிடித்தவர்கள் காச நோயால் இறப்பது, பிடிக்காதவர்களைப்போல் சுமார் நான்கு மடங்கு! புற்று நோய், மாரடைப்பு என்றுதான் நாம் கேள்விப்பட்டு இருக்கிறோம். நம் ஊரில் டி.பி.யும் புகையும் கூட்டாளிகள் என்பதை அந்த ஆராய்ச்சி வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது.

கல் தூசியிலும் சிமெண்டு தூசியிலும் வேலை பார்க்கிறவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். தூசி ஒரு பக்கம், புகை மறுபக்கம். நடுவில் மாட்டுவது ஒரே நுரையீரல். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் "சிகரெட் இருமல்தான்" என்று தள்ளிப் போடாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம்.

"சரி, நான் பீடிக்கு மாறிக்கறேன்" என்பதும் வேலைக்கு ஆகாது. கிராமத்து ஆண்கள் பெரும்பாலும் பிடித்தது பீடிதான்!

50 வயதிலும் லாபம்

"இத்தனை வருஷம் குடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன?" என்று கேட்கிறவர்களும் உண்டு. பதில் இங்கிலாந்தில் இருக்கிறது.

ரிச்சர்டு டால் என்ற விஞ்ஞானி குழுவினர் 34 ஆயிரத்து 439 ஆண் டாக்டர்களை 1951 முதல் 50 ஆண்டு காலம் கவனித்தார்கள். 30 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 10 வருட ஆயுள் திரும்பக் கிடைத்தது. 40 வயதில் விட்டால் 9 வருடம். 50 வயதில் 6. அறுபதில் விட்டவர்களுக்கும் 3 வருடம்!

ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்ததைப் பார்த்துக் கைதட்டி வளர்ந்தவர்கள் பலர். அவரே 2023 ஜனவரியில் சென்னை நாடக விழா மேடையில், ஒரு காலத்தில் கணக்கில்லாமல் சிகரெட் பிடித்ததையும், தன்னை மாற்றியது மனைவியின் அன்புதான் என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். சூப்பர் ஸ்டாருக்கே வீட்டில் ஒருவர் துணை தேவைப்பட்டது. நமக்கு மட்டும் எதற்கு வீம்பு?

73 ஆயிரம் ரூபாய் புகை

சிகரெட் ஒன்று 20 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். தினம் 10 பிடித்தால் 200 ரூபாய். மாதம் 6 ஆயிரம். வருடம் 73 ஆயிரம்! ஒத்தை ஒத்தையாக வாங்குவதால் இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. மொத்தமாக எடுத்துக் கொடு என்றால் யாராவது கொடுப்பார்களா?

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

டாக்டர் அன்புமணி மத்திய சுகாதார மந்திரியாக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகை பிடிக்கத் தடை தீவிரமாக அமலுக்கு வந்தது. அபராதம் 200 ரூபாய் வரை என்று வைத்தார்கள். பஸ் நிலையம், ஆபீஸ், ஓட்டல் எல்லாம் அதில் அடக்கம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது. பள்ளி, கல்லூரியில் இருந்து 100 கெஜத்துக்குள்ளும் விற்கக் கூடாது.

சட்டம் கிடக்கட்டும். தினமும் வருகிற வாடிக்கையாளர் "அண்ணே, இன்னியோட விட்டாச்சு" என்று சொன்னால், "அட, ஒண்ணு பத்த வைங்க, கடன்ல எழுதிக்கறேன்" என்று கிண்டல் செய்யாமல் இருந்தாலே புண்ணியம். பத்து வருடம் கூட டீ குடிக்க அந்த ஆள் வருவார்.

எங்கே போவது? என்ன செய்வது?

பெரம்பலூரில் மாவட்ட அரசு தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்துவிட்டார்கள். ஓ.பி. சீட்டு வாங்கி "டாக்டர், நான் சிகரெட்டை விடணும்" என்று சொல்ல வெட்கம் வேண்டாம். அதற்கென்றே மாத்திரைகள் உண்டு. டாக்டர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நிகோடின் சூயிங்கமும் மருந்துக் கடையில் கிடைக்கும். ஆனால் சாதா சூயிங்கம்போல் சவைத்துத் தள்ளக் கூடாது. விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். மெதுவாக நாலு கடி கடித்து, சுருக்கென்று காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கிக் கொள்ள வேண்டும். காபி குடித்த 15 நிமிடத்துக்குள் போட்டால் பிடிக்காது. இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். இப்படிச் சரியாகப் பயன்படுத்தினால் வெற்றி வாய்ப்பு ஒன்றரை மடங்கு ஆகிறது.

ஒருமுறை தவறி ஒன்று பிடித்துவிட்டால் "எல்லாம் போச்சு" என்று பாக்கெட் வாங்கப் போகாதீர்கள். விட்டவர்களில் பலர் நாலைந்து தடவை விழுந்து எழுந்தவர்கள்தான்.

கடைசியாக, அந்த டெலிபோன் நம்பர். மத்திய அரசு 2016-ல் தொடங்கியது. 2018 செப்டம்பர் முதல் பாக்கெட்டில் அச்சாகிறது. பைசா செலவு கிடையாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி மையத்தின் மூலம் தமிழிலும் பேசுகிறார்கள். எந்தத் தேதியில் விடுவது, தவிப்பு வரும்போது என்ன செய்வது என்று சொல்லித் தருகிறார்கள்.

நம்பர் இதுதான்: 1800-11-2356.

இந்தத் துண்டைக் கிழித்து சட்டைப் பையில் வைத்துக் கொள்ளுங்கள். சிகரெட் இருந்த இடம் காலியாகத்தானே இருக்கப் போகிறது!