நெடுஞ்சாலையில் மெல்லச் செல்லும் வண்டிகள்

வழி என்பது யாவர்க்கும் பொது. அதன்கண் விரைந்து செல்வாரும் உளர். மெல்லச் செல்வாரும் உளர். பண்டைக்காலத்தே உப்பு வாணிகராகிய உமணர் தம் வண்டி நிரைகளைப் பெருவழிகளில் ஓட்டிச் சென்ற செய்தியைச் சங்கச் செய்யுட்களிற் காண்கின்றோம். மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறிந்தால் என் செய்வதென்று கருதி, அவர்கள் வண்டியின் அடியில் வேறோர் அச்சினையும் கட்டிச் சென்றனர் என்பது புறநானூற்றால் அறியப்படும். அதற்குச் சேமவச்சு என்று பெயர். அக்காலத்து வண்டிக்காரர்க்கு அச்சமெல்லாம் முன்னே கிடந்த பள்ளத்தைப் பற்றியதே. பின்னே வருவது யாதெனத் திரும்பி நோக்க வேண்டிய கவலை அவர்க்கு இருந்ததில்லை; பின்னே வந்ததும் தம் வண்டி போன்ற மற்றொரு வண்டியே யன்றோ? இக்காலத்து வண்டிக்காரர்க்கோ இடர் பெரும்பாலும் பின்புறத்தினின்றே வருகின்றது.

கரும்பு வெட்டும் காலத்தில் தென்னார்க்காட்டுப் பக்கத்துச் சாலைகளைக் கண்டார்க்கு இது நன்கு விளங்கும். மாட்டுவண்டி மணிக்கு நான்கு கிலோமீட்டர் தூரம் செல்லின் அதுவே மிகுதி. கரும்பேற்றிய டிராக்டர் இருபது, இருபத்தைந்து என்னும் அளவிற் செல்லும். அதே சாலையிற் பேருந்தும் காரும் எண்பதுக்கு மேலும் பறக்கின்றன. இவ்வளவு வேறுபட்ட வேகங்கள் ஏழு மீட்டர் அகலமுள்ள ஒரு தார்ச்சாலையிற் கூடி வாழ்தல் எங்ஙனம் என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருளாகும்.

'மெல்லச் செல்வனவற்றை நெடுஞ்சாலையினின்று விலக்கிவிடுக' என்பார் உளர். சிலவிடத்து அங்ஙனம் செய்யப்பட்டும் உள்ளது. பெங்களூரு - மைசூரு விரைவுச்சாலையின் நடுவழியில் 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் இருசக்கர ஊர்திகளும், ஆட்டோக்களும், டிராக்டர்களும், மாட்டுவண்டிகளும் விலக்கப்பட்டன. அச்சாலைக்குப் பக்கத்தே வேறு வழி இருத்தலின் அது பொருந்தும். ஆனால் நம் ஊர்ச் சாலைகளுட் பெரும்பாலானவற்றிற்கு மாற்றுவழி யாது? வயலுக்குச் செல்வதும், சந்தைக்குச் செல்வதும், பள்ளிக்குச் செல்வதும், ஆலைக்குச் செல்வதும் அவ்வொரு சாலையே. உழவன் வண்டியை அதனின்று விலக்குவது அவன் தொழிலையே விலக்குவதாகும். ஆதலின் மெல்லச் செல்வது குற்றமாகாது என்பதை முதற்கண் ஒப்புக்கொண்டே மேற்செல்வோம். பிறர் கண்ணிற் படாமற் செல்வதே குற்றம். யாம் இதனை நூலிற் கற்றோம் அல்லேம்.

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஓரிரவு, தோழர் ஒருவரின் தமக்கை திருமணத்தை முன்னிட்டு, எம் விடுதியினராகிய யாம் அறுவர் விழுப்புரத்தினின்று திருக்கோவலூர் செல்லும் சாலையிற் பேருந்தில் ஏறிச் சென்றோம். பனி பெய்துகொண்டிருந்தது. எதிரே வந்த லாரியின் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்து கடந்துபோன அக்கணமே, எம் ஓட்டுநர் வாய்விட்டு அலறி, இடப்புறத்து மண்ணிலே பேருந்தை இறக்கினார். சாய்ந்து நின்ற பேருந்தின் சாளரத்தை ஒட்டி, கைந்நீட்டினால் தொடத்தக்க அண்மையில், கரிய குன்றுபோல ஒன்று நின்றது. அது கரும்புப் பாரம். அதன் பின்புறத்தே ஒரு விளக்கும் இல்லை. ஒரு செந்துண்டும் இல்லை.

எவர்க்கும் ஊறு நேர்ந்திலது. இறங்கியவர் அனைவரும் டிராக்டர்க்காரரைச் சூழ்ந்துகொண்டு வைதனர். அவரோ எம் வயதினர், நடுங்கிக்கொண்டு நின்றார். வயலிற் பாரம் ஏற்றும்போது கரும்புத்தோகை சிக்கிப் பெட்டியின் விளக்குக்கம்பி அறுந்துபோயிற்றென்றும், வெட்டிய கரும்பு காயக்காய எடை குறையுமாதலாலும், ஆலையில் வரிசை தவறிவிடுமாதலாலும் விடியுமட்டும் காத்திராமற் புறப்பட்டதாகவும் கூறினார். அவர் கூறியதிற் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும் நாற்பது உயிர்கள் அந்த அறுந்த கம்பியிலே தொங்கிக்கொண்டிருந்தன. எம்முள் ஒருவர் மாத்திரம் அவரை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையிலேதான் அவர் வாய் திறந்தார்: 'எங்கள் அண்ணன் வண்டிக்கும் பின்விளக்கு இல்லை.'

அன்றிரவு நிகழ்ந்ததைக் கணக்கிட்டு நோக்குவோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் ஊர்தி ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கின்றது. 20 கிலோமீட்டர் வேகமுள்ள டிராக்டர் அதே நொடியில் ஐந்தரை மீட்டர் கடக்கும். எனவே இரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் குறைந்துகொண்டே வருகின்றது. தாழ்த்திய முகவிளக்கின் ஒளியில் ஐம்பது மீட்டர் தூரத்திலேதான் கரிய பாரம் புலப்படுமாயின், ஓட்டுநர்க்குக் கிடைப்பது மூன்று நொடி. கண்ணாற் கண்டு, இன்னதென அறிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்கு இரண்டரை நொடி வேண்டும் என்று சாலைப் பொறியாளர் கொள்வர். எஞ்சிய அரை நொடியில் எவ்வளவு வல்லவராயினும் என் செய்ய இயலும்? 80 கிலோமீட்டர் வேகத்திற்கென அமைக்கும் சாலையில் முன்னுள்ளதைக் கண்டு நிறுத்துதற்கு 120 மீட்டர் தூரம் தெரிதல் வேண்டும் என்பது நம் நாட்டுப் பொறியாளர் வகுத்த அளவு. பின்விளக்கில்லாத வண்டி அவ்வளவையும் விழுங்கிவிடுகின்றது. எம்மைக் காத்தது கணக்கன்று. சாலையோரத்திற் பள்ளம் இன்றி மண் இருந்ததே.

முற்காலத்து வண்டிக்காரர் அச்சின் அடியில் அரிக்கேன் விளக்கொன்றைத் தொங்கவிட்டு, மாடுகளை அவற்றின் போக்கிலே விட்டு உறங்கிப்போவர். மாடுகட்கு வழி தெரியும். அவ்விளக்கு வண்டிக்காரர்க்கு வழி காட்டுதற்கன்று. பிறர்க்கு வண்டியைக் காட்டுதற்கே ஏற்பட்டது. இக்காலத்தே அத்தொழிலை ஒளிர்பட்டைகள் எண்ணெயின்றியே செய்கின்றன. அப்பட்டையில் நுண்ணிய கண்ணாடி மணிகளேனும் பட்டைச் சில்லுகளேனும் செறிந்திருக்கும். அவை தம்மேற் படும் ஒளியை நாற்புறமும் சிதறவிடாமல், வந்த வழியே திருப்பிவிடுகின்றன. அதனால் ஒளி எறிந்தவர் கண்ணுக்கே அது தீப்போலத் தோன்றுகின்றது. ஆனால் சேறும் கரும்புச் சாறும் படிந்த பட்டை ஒளிராது. பாரத்தின் தோகை அதனை மறைத்துத் தொங்கினாலும் பயனில்லை. ஏற்றியபின் ஒருமுறை பின்னே சென்று நோக்குதலும், ஈரத்துணியால் துடைத்தலும் ஒரு நிமிடத்து வேலை.

அமெரிக்க நாட்டிலும் உழவர் டிராக்டர்களின் பின்னே கார்கள் மோதி உயிர்கள் மாண்டன. அது கண்டு, 1960-களின் தொடக்கத்தில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார், செம்மஞ்சள் நிற முக்கோணம் ஒன்றைச் செவ்விய ஒளிர்விளிம்புடன் வகுத்தனர். மணிக்கு 25 மைலுக்கு மேற்படாத வேகமுள்ள வண்டிகளின் பின்புறத்தே அது மாட்டப்படும். தொலைவில் வடிவம் தெரியாவிடினும், 'ஈது மெல்லச் செல்வது' என்று நிறமே அறிவித்துவிடும். இம்முக்கோணத்தைப் பற்றி ஒரு வழக்கும் எழுந்தது. ஆமிஷ் என்னும் கிறிஸ்தவ வகுப்பினர் இன்றும் குதிரை வண்டிகளிலேயே செல்வோர். அவருள் மிகக் கட்டுப்பாடுடைய ஒரு சாரார், பகட்டான நிறம் தம் எளிமைக்கு ஏலாதென்றும், உலகியற் சின்னத்தை நம்புவது தம் விசுவாசத்திற்கு முரணென்றும் கூறி முக்கோணத்தை மறுத்தனர். மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றம் 1990-ஆம் ஆண்டில் அவர் மனச்சான்றை மதித்தது. வெண்மையான ஒளிர்பட்டையும் சிவந்த விளக்கும் பாதுகாப்பிற்குப் போதுமெனத் தீர்த்தது. எமக்கு இவ்வழக்கிற் பிடித்தது யாதெனின், இரு திறத்தாரும் 'காணப்படுதல் வேண்டும்' என்பதை மறுக்கவில்லை. எவ்வாறு என்பதே வினாவாயிற்று.

காணப்படுதல் ஒன்று, வழிவிடுதல் மற்றொன்று. ஒரு டிராக்டரின் பின்னே பத்து ஊர்திகள் ஊர்ந்து வருமாயின், ஆறாவது ஊர்தியிலுள்ளவர் பொறுமையிழந்து, முன்னே வருவது தெரியாமலே வலப்புறம் பாய்வார். இறப்பவர் அவர் மட்டும் அல்லர். எதிரே நேர்வழியில் வந்தவருமே. கலிபோர்னியாவில், இருவழிச் சாலையில் முந்துவதற்கு இடமின்றித் தம் பின்னே ஐந்து ஊர்திகள் சேர்ந்துவிட்டால், மெல்லச் செல்வோர் ஒதுங்குமிடம் கண்டவுடன் விலகி வழிவிடல் வேண்டும் என்பது சட்டம். இங்கிலாந்தின் நெடுஞ்சாலை நெறிநூலும், பெரிய, மெல்லச் செல்லும் ஊர்தியினர் நீண்ட வரிசையைப் பின்னே நிறுத்திவைத்தல் ஆகாது. இடம் கண்டு ஒதுங்குக என்கின்றது. கரும்புப் பாரம் டிராக்டரினும் அகன்றிருத்தலின் பக்கக்கண்ணாடியிற் கரும்பே தெரியும். பின்னே எத்தனை ஊர்திகள் நிற்கின்றன என்பது தெரியாது. ஆகவே கண்ணாடியை நம்பாமல், வாய்ப்பான வெளி வரும்போதெல்லாம் தாமாகவே ஓரங்கட்டிச் சிறிது நிற்றல் நலம். டிராக்டரிற் பெரிய ஒலிபெருக்கிகளைக் கட்டிப் பாட்டு முழக்கிச் செல்வார்க்குப் பின்னே ஒலிக்கும் ஆரன் எங்ஙனம் கேட்கும் என்பதை அவர்களே சொல்லல் வேண்டும்.

இனிச் சைகையைப் பற்றி ஒரு சொல். 'என்னை முந்திச் செல்க' என்று காட்டுதற்கு வலக்கையைக் கிடையாக நீட்டி முன்னும் பின்னும் அசைத்தல் பழைய முறை. இப்போதோ வலப்புற இண்டிகேட்டரை எரியவிடுகின்றனர். ஆனால் அதே விளக்கு 'யான் வலப்புறம் திரும்புகின்றேன்' என்பதற்கும் உரியது! ஒரே அடையாளம் வா என்றும் வராதே என்றும் பொருள்படுமாயின் அதனால் விளையும் கேட்டை என்னென்பது? வயலுக்குத் திரும்பும் டிராக்டர் வலப்புற விளக்கிட, அதனை அழைப்பென்று கொண்டு முந்தப் புகுந்தவர் அதன் சக்கரத்திலே மோதுவர். விளக்கைத் திரும்புதற்கே வைத்துக்கொண்டு, வழிவிடுதற்கு இடப்புறம் ஒதுங்கி வேகத்தைக் குறைத்தலே ஐயமற்ற சைகையாம். முந்தப்படும்போது வேகத்தைக் கூட்டுதலும் தடுத்தலும் ஆகா என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளும், அவற்றிற்குப் பதிலாக 2017-இல் வந்த ஒழுங்குமுறைகளும் கூறுகின்றன. வீம்பிற்காக வேகம் கூட்டுவோர் டிராக்டரிலும் உளர்.

வண்டி பழுதுற்று நின்றால் அதனைச் சுற்றிக் கற்களையும் மரக்கிளைகளையும் வைத்தல் நம் நாட்டு வழக்கம். வைப்பதிற் குறையில்லை. பழுது நீங்கியபின் அக்கற்களை அவ்விடத்தே விட்டுவிட்டுச் செல்வதை என்னென்பது? தன் உயிரைக் காத்த கல்லே பின்வரும் இருசக்கர ஊர்தியினர்க்குக் கூற்றாகின்றது. இதற்குச் சட்டம் வேண்டா. குனியும் முதுகு வேண்டும்.

இவ்வளவும் மெல்லச் செல்வார் கடமை. விரைந்து செல்வார்க்குக் கடமை இல்லையோ எனின், மிகவும் உண்டு. எண்பது கிலோமீட்டர் வேகச் சாலையில் ஓர் ஊர்தி மற்றொன்றை முந்துதற்கு 470 மீட்டர் வரை வழி தெளிவாகத் தெரிதல் வேண்டும் என்பர். நாம் அதிற் பாதிகூட நோக்குவதில்லை. மாட்டுவண்டியின் அருகே வந்து ஆரன் ஒலித்தல் பெருங்கேடு. மாடு மருண்டால் ஒலி வந்த பக்கத்தை விட்டு விலகும் என்பது உறுதியன்று. சாலையின் நடுவிலும் பாயும். தொலைவிலேயே ஒருமுறை ஒலித்து, அகன்று கடந்து, நெடுந்தூரம் சென்றபின் இடப்புறம் திரும்புதல் வேண்டும். வண்டியின் மூக்கிற்கு முன்னே குறுக்கிட்டு மடக்குவோர், பாரம் ஏற்றிய டிராக்டர் நினைத்தவிடத்து நில்லாது என்பதை அறியாதவர். முகவிளக்கைத் தாழ்த்தாதவரைப் பற்றியும் எழுதப் புகின் இவ்விதழ் இடங்கொடாது.

பங்குனி விடுமுறையில், முன்பு வாய்திறவாதிருந்த அத்தோழரின் ஊர்க்கு யாம் சென்றோம். கையிற் செவ்வொளிப்பட்டை ஒரு சுருளும் வெண்பட்டை ஒரு சுருளும் கொண்டு சென்றோம். அவர் தமையனார் முதலிற் சிரித்தார். பேருந்துக் கதையைக் கேட்டபின் சிரிக்கவில்லை. அறுந்த கம்பியைத் தாமே முடிந்து, பெட்டியின் இரு மூலையிலும் விளக்கு எரிவதைக் காட்டினார். டயர் வண்டி ஓட்டும் முதியவர் ஒருவர் திண்ணையிலிருந்தபடியே எம்மை அழைத்து, 'தம்பி, எனக்கும் ஒட்டுங்கள்' என்றார். எந்த நிறம் எந்தப் பக்கம் என்று கேட்டார். பின்னே சிவப்பு, முன்னே வெள்ளை என்றோம். பின்கட்டையில் ஒட்டி முடிந்ததும், நுகத்தடியின் இரு முனையையும் தம் மேல்துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு, வெண்பட்டைக்கு அவ்விடத்தைக் காட்டினார். இருட்டிய பின்னர் எம்முள் ஒருவர் சாலையில் நூறடி நடந்து சென்று, கைவிளக்கை வண்டியின்மேல் திருப்பினார். முதியவரும் அவரோடு சென்று பார்த்துவிட்டு வந்து, மாடுகளைப் பூட்டலானார்.