துறவியர் போத்தலும் தோட்டத்துச் சம்சுவும்

தாப்பாவிலிருந்து மலையேறினால் கேமரன் மலையில் முதலில் வருகிற ஊர் ரிங்லெட். அங்குள்ள சீனர் கடையில் ஒரு பீர் டின்னைத் திருப்பிப் பார்த்தால், மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கலாம் என்று மலாயில் ஒரு வரி இருக்கும். 2017 டிசம்பர் 1 முதல் மலேசியா எங்கும் இருக்கும் எச்சரிக்கை அது. மது வாங்கும் வயது 18லிருந்து 21 ஆனதும் அன்றுதான். ஆனால் அன்று வந்த சட்டத் திருத்தத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு விதி: சம்சு என்ற மலிவுச் சாராயம் போன்ற கலப்பு மதுவை 700 மில்லிலிட்டருக்குக் குறைந்த போத்தலில் விற்கக் கூடாது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்போதெல்லாம் சம்சு உள்ளங்கையில் அடங்கும் போத்தலில் வந்தது. சில ரிங்கிட்தான் விலை. அரிசி பருப்பு வாங்கும் அதே மளிகைக்கடையில் கிடைத்தது. முந்தைய தலைமுறையைக் குடித்தது கள்ளுக்கடை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. பிறகு அந்த இடத்துக்குச் சம்சு வந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் எழுதியது. எச்சரிக்கை வாசகத்தைப் படித்துவிட்டுக் குடியை விட்டவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் கையிலுள்ள காசுக்குச் சின்னப் போத்தல் கிடைக்காவிட்டால், அன்றைக்காவது கூலி வீடு வந்து சேரும்.

போத்தலைப் பெரிதாக்கிக் குடியைக் குறைக்கும் இந்த யோசனை புதிதல்ல. பெல்ஜியத்தில் 1919லேயே எமில் வான்டர்வெல்டே என்ற சோசலிச அமைச்சர் இதைச் செய்துபார்த்தார். சாராய வகைகளை மதுக்கடையில் ஊற்றிக் கொடுக்கக் கூடாது; கடையில் வாங்குவதானால் குறைந்தது 2 லிட்டர் வாங்க வேண்டும். கூலிக்காரர் மொத்தமாக அவ்வளவு பணம் கொடுக்க மாட்டார் என்பதே கணக்கு. பீருக்கு அந்தத் தடை இல்லை. கடுமையான சரக்கு கேட்டுப் பழகிய நாக்கு கடுமையான பீர் பக்கம் திரும்பியது. பெல்ஜியத் துறவு மடங்கள் காய்ச்சும் பீர் பெயர் பெற்றதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். வெஸ்ட்மால் மடத்துத் துறவியர் தங்கள் வலுவான பீரை 1934இல் வெளியிட்டார்கள். குடியைக் குறைக்க வந்த சட்டத்தால் லாபம் பார்த்தவர்களில் துறவிகளும் உண்டு!

பெயர் வந்ததும் போலிகளும் வந்தன. துறவியர் யாருமே இல்லாத ஆலைகள்கூட லேபிளில் அந்தத் துறவியர் சபையின் பெயரான 'டிராப்பிஸ்ட்' என்பதைப் போட்டுக்கொண்டன. மடங்கள் வழக்குத் தொடுத்தன. 1962இல் கெண்ட் நகர நீதிமன்றம் அவற்றின் பக்கம் தீர்ப்பளித்தது. 1997இல் மடங்கள் சேர்ந்து சங்கம் அமைத்து அறுகோண முத்திரை ஒன்றை உருவாக்கின. அதைப் பெற மடத்து மதிலுக்குள் காய்ச்ச வேண்டும், துறவியரின் மேற்பார்வை இருக்க வேண்டும், வருமானம் மடத்தின் செலவுக்கும் தருமத்துக்கும் போக வேண்டும். முத்திரையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை என்பதுதான் இதில் அழகு. லா டிராப் பீரைக் காய்ச்சும் நெதர்லாந்து மடம் பெரிய ஆலையொன்றுடன் சேர்ந்தபோது 1999இல் முத்திரையை இழந்தது. 2005இல்தான் திரும்பப் பெற்றது. ஆகேல் மடத்தில் துறவியர் இல்லாமல் போனதால் 2021இல் அந்தப் பீருக்கும் முத்திரை போயிற்று. காய்ச்சும் முறை அப்படியேதான் இருந்தது.

வெஸ்ட்விளெட்டரன் மடம் இன்னும் ஒரு படி மேல். 1945 முதல் நெடுங்காலம் அதன் போத்தலில் காகித லேபிளே இல்லை. சட்டம் கேட்கும் விவரங்களைப் பொடி எழுத்தில் மூடியில் அச்சிட்டார்கள். பச்சை, நீலம், மஞ்சள் என்று மூடியின் நிறத்தைப் பார்த்துத்தான் வகையை அறிய வேண்டியிருந்தது. மஞ்சள் மூடியின் பெயர் '12'. ஆனால் அதில் ஆல்கஹால் 10.2 விழுக்காடுதான், அந்த எண் பழைய பெல்ஜிய அடர்த்திக் கணக்கிலிருந்து வந்தது. முன்பதிவு செய்து, கார் எண்ணைச் சொல்லி, மடத்து வாசலில் 24 போத்தல் கொண்ட பெட்டியாக வாங்க வேண்டியிருந்தது. மறுவிற்பனை கூடாது என்பதும் நிபந்தனை.

   

மறுபடி ரிங்லெட்டுக்கு வருவோம். அதைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இன்று கொழுந்து பறிப்பவர்களில் நேபாளிகளும் வங்காளதேசிகளும் நிறையப் பேர். புதிதாக வந்திறங்கும் ஒருவருக்கு அந்த மலாய் எச்சரிக்கை எந்த அளவுக்குப் புரியும்? 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த மது குடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இப்படி வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். 700 மில்லிலிட்டர் விதி அப்போது நடைமுறைக்கு வந்து பத்து மாதம்கூட ஆகவில்லை. கள்ளச் சரக்கு விற்பவனை அந்த விதி எப்படிக் கட்டும்? பெல்ஜியத்தில் ஒரு மடத்தின் முத்திரையைப் பறிக்க மற்ற மடங்கள் இருக்கின்றன. இங்கே அந்த வேலையைச் சுங்கத்துறையும் சுகாதார அமைச்சும்தான் செய்ய வேண்டும், அதுவும் ஆள் சாவதற்கு முன்னால்.