கேமரா கோளாறா? முதலில் படங்களைக் காப்பாற்றுங்கள்!

"கேமரா வேலை செய்யவில்லை, கொஞ்சம் பார்க்க முடியுமா?" என்று நண்பர்கள் கொண்டு வந்து கொடுத்தால் நான் முதலில் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். "உள்ளே இருக்கும் படங்களை கம்ப்யூட்டரில் காப்பி செய்து விட்டீர்களா?" பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். கேமரா போனால் வேறு வாங்கிக் கொள்ளலாம். குழந்தையின் காதுகுத்து விழாவை மறுபடியும் நடத்திப் படம் எடுக்க முடியாது. எனவே டிஜிட்டல் கேமராவில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் படங்களைக் கவனியுங்கள். கேமராவை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

கேமரா ஆன் ஆகவில்லை

பயப்பட வேண்டாம். படங்கள் இருப்பது மெமரி கார்டில். கார்டை வெளியே எடுத்து, கார்ட் ரீடரில் செருகி, கம்ப்யூட்டரில் இணைத்தால் டிசிஐஎம் என்ற போல்டர் தெரியும். அதை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து கொள்ளுங்கள்.

இனி பேட்டரியைப் பாருங்கள். பென்சில் செல் போடும் கேமரா என்றால், சுவர்க் கடிகாரத்திற்குப் போடும் சாதாரண செல் தாங்காது. கேமரா அதிக மின்சாரம் கேட்கும். சாதாரண செல்லால் அதைத் தர முடியாது. ஆல்கலைன் செல் அல்லது ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் போடுங்கள். பேட்டரி தொடும் உலோக முனைகளில் அழுக்கு படிந்திருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். கேமராவைப் பல மாதங்கள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் செல்களை எடுத்து விடுங்கள். இல்லையேல் கசிந்து முனைகளை அரித்து விடும்.

"கார்ட் லாக்டு" என்று வருகிறது

எஸ்.டி. கார்டின் பக்கவாட்டில் சிறிய பிளாஸ்டிக் தாழ்ப்பாள் ஒன்று இருக்கும். செருகும்போது அது கீழே நகர்ந்து விட்டால் கேமரா புதிய படத்தைப் பதியாது. மேலே தள்ளி விடுங்கள், சரியாகி விடும். இந்தத் தாழ்ப்பாள் நமக்கு ஒரு நன்மையும் செய்கிறது. கார்டில் உள்ள படங்கள் தவறுதலாக அழிந்து விடக் கூடாது என்றால், கம்ப்யூட்டரில் செருகும் முன் லாக் செய்து கொள்ளலாம்.

"பார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்கிறது

கார்டைச் செருகியதும் இப்படி ஒரு பெட்டி வந்தால் கேன்சல் மட்டுமே அழுத்துங்கள். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர், ஓகே கொடுத்தால்தான் கார்ட் திறக்கும் என்று நினைத்து விடுகிறார்கள். காரணம் கார்டில் இல்லாமல் ரீடரிலும் இருக்கலாம். 2 ஜிபி வரையிலான எஸ்.டி. கார்டுக்காகத் தயாரிக்கப்பட்ட பழைய ரீடர்கள், அதைவிடப் பெரிய எஸ்.டி.ஹெச்.சி. கார்டுகளைப் புரிந்து கொள்ளாது. எனவே வேறு ரீடரிலோ, வேறு கம்ப்யூட்டரிலோ ஒரு முறை செருகிப் பாருங்கள். இதே காரணத்தால், எஸ்.டி. என்று மட்டும் குறிப்பிட்டுள்ள பழைய கேமராவிலும் பெரிய கார்டுகள் வேலை செய்யாது.

படங்கள் அழிந்து விட்டன

டெலீட் செய்தவுடன் படம் கார்டை விட்டுப் போய் விடுவதில்லை. புத்தகத்தின் பொருளடக்கத்தில் இருந்து ஒரு வரியை அடிப்பது போன்றதுதான் அது. பக்கம் உள்ளேயே இருக்கிறது. அந்த இடத்தில் புதிய படம் எழுதப்பட்டால்தான் பழையது நிரந்தரமாகப் போகும். ஆகவே:

1. உடனே படம் எடுப்பதை நிறுத்தி, கார்டை வெளியே எடுங்கள்.

2. ரெகுவா அல்லது போட்டோரெக் என்ற இலவச புரோகிராமை கம்ப்யூட்டரில் நிறுவுங்கள். பழகுவதற்கு எளியது ரெகுவா. போட்டோரெக் பார்வைக்கு எளிமையாக இருக்காது. ஆனால் பைல் அமைப்பு கெட்டுப்போன கார்டிலும் தேடும்.

3. மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காமல் ஹார்ட் டிஸ்க்கில் சேமியுங்கள்.

4. பைல்களின் பெயர்கள் மாறியிருக்கலாம். படம் திறக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேமராவில் சாதாரண பார்மட் செய்திருந்தாலும் இந்த வழி பெரும்பாலும் உதவும். லோ லெவல் பார்மட் செய்திருந்தால் நம்பிக்கை குறைவு.

கம்ப்யூட்டரில் தெரியும் படம் கேமராவில் தெரியவில்லை

கார்டில் இருக்கும் பைலின் பெயரை மாற்றினீர்களா? கேமராக்கள் குறிப்பிட்ட முறையில் அமைந்த பெயர்களை மட்டுமே தேடும். கார்டில் எதையும் மாற்றாமல், கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்த பிறகு விரும்பிய பெயர் வையுங்கள்.

படம் மங்கலாக இருக்கிறது

லென்சின் மேல் விரல் ரேகை இருக்கிறதா என்று பாருங்கள். ஊதும் பல்பால் தூசியை விரட்டி, பிறகு மென்மையான மைக்ரோபைபர் துணியால் துடையுங்கள். தூசியோடு துடைத்தால் கீறல் விழும். ஏசி அறையில் இருந்து வெளியே வந்ததும் மங்கினால் அது ஈரப்பதம். வெளியே வரும் முன் கேமராவை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடி, வெளிச் சூட்டிற்குப் பழகிய பின் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் வெள்ளை வட்டங்கள் தெரிந்தால், அவை காற்றில் மிதக்கும் தூசியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம். கேமராவில் குறை இல்லை.

இதை மட்டும் செய்யாதீர்கள்

ஸ்குரு டிரைவரை எடுத்து கேமராவைத் திறக்காதீர்கள். பிளாஷுக்காக உள்ளே ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. அதில் சுமார் 300 வோல்ட் வரை மின்சாரம் சேமிக்கப்பட்டிருக்கும். பேட்டரியை எடுத்த பிறகும் அது கையைப் பதம் பார்க்கும். வெளியே நீண்டு நின்றுவிட்ட லென்சையும் கையால் அழுத்தித் தள்ளாதீர்கள். பேட்டரியை முழுமையாக சார்ஜ் செய்து பாருங்கள். அப்போதும் உள்ளே போகாவிட்டால் சர்வீஸ் சென்டர்தான் வழி.

விழா முடிந்த அன்றே படங்களை கம்ப்யூட்டருக்கு மாற்றி, இன்னொரு காப்பியை பென் டிரைவிலோ, வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ வையுங்கள். இரண்டும் சரியாகத் திறக்கின்றன என்று பார்த்த பிறகு, கார்டை கேமராவிலேயே பார்மட் செய்யுங்கள்.