கேம் கம்ப்யூட்டருக்கு எத்தனை ஜி.பி. போதும்? – ஒரு மொத்த வியாபாரியின் கணக்கு



வத்தல் விலை, பருப்பு வரத்து, ஜி.எஸ்.டி. என்று வழக்கமாக வரும் இந்தப் பக்கங்களில், இம்முறை கம்ப்யூட்டர் மெமரியைப் பற்றி எழுதுகிறேன். "அண்ணாச்சிக்கு இந்த வயதில் என்ன விளையாட்டு?" என்று யாரும் சிரிக்க வேண்டாம். நம்மில் பலர் வீட்டில் இன்று இந்தப் பேச்சுதான் நடக்கிறது. பிளஸ் ஒன் படிக்கும் பையன் கேம் விளையாடக் கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறான். அப்பா முடியாது என்கிறார். அம்மா நடுவில் நின்று தவிக்கிறார். கடைசியில் வழக்கு தாத்தாவிடம் வருகிறது. என்னிடமும் அப்படித்தான் வந்தது.

2025 காலாண்டு விடுமுறையில் என் பேரன் ஒரு தாளோடு கடைக்கு வந்தான். முதல் வரியிலேயே "ராம் 64 ஜி.பி." என்று எழுதியிருந்தான்.

"எதுக்குடா 64?" என்று கேட்டேன்.

"கூடப் படிக்கிறவன் 32 வெச்சிருக்கான் தாத்தா."

நாற்பது ஆண்டுகள் மொத்த வியாபாரத்தில் இருப்பவனுக்கு இந்தப் பதில் புதிதல்ல. பக்கத்துக் கடைக்காரர் நூறு மூட்டை இறக்கினார் என்பதற்காக நாம் இருநூறு மூட்டை இறக்கிய கதைதான். அப்படி ஒரு முறை நான் இறக்கிய வத்தல் கிட்டங்கியிலேயே நிறம் வெளுத்து, கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. ஆகவே பேரனிடம், "வாங்குவதா வேண்டாமா என்பது அப்புறம். இந்த ராம் என்ன சரக்கு என்று முதலில் தெரிந்துகொள்வோம்" என்றேன்.

சரக்கைக் கற்றுக்கொண்டு இறங்குவது நம் வட்டாரத்துக்குப் பழக்கமான வழி. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அவர்கள் அவ்வளவு தூரம் போனார்கள். எனக்குச் சிவகாசி வரை போனால் போதுமாயிருந்தது.

கல்லா மேஜையும் கிட்டங்கியும்

சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்யும் தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம். பெரிய பெரிய படங்களை வைத்து நாள் முழுதும் வேலை செய்கிறவர். மெமரி குறைந்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு அன்றாட அனுபவம். அவர் சொன்னதை நம் கடை பாஷையில் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் உள்ள ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. என்பது கிட்டங்கி. எல்லாச் சரக்கும் அங்கே இருக்கும். இரவு கடை அடைத்தாலும் அங்கேயே இருக்கும். ராம் என்பது முன்கடையில் உள்ள மேஜை. இப்போது எடை போட வேண்டிய சரக்கை மட்டும் எடுத்து வைக்கும் இடம். இரவு மேஜையைத் துடைத்துச் சுத்தம் செய்கிற மாதிரி, கம்ப்யூட்டரை அணைத்தால் ராமில் இருப்பது எல்லாம் போய்விடும். பிராசசர் என்பது மேஜைக்குப் பின்னால் நின்று பொட்டலம் கட்டும் ஆள்.

மேஜை சிறியதாக இருந்தால் என்ன நடக்கும்? துவரம் பருப்பை வைத்தால் உளுந்துக்கு இடம் இருக்காது. ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டு மற்றொன்றைக் கொண்டுவர வேண்டும். ஆள் கிட்டங்கிக்கும் கடைக்கும் நடந்தே களைத்துப் போவார். கம்ப்யூட்டரும் இதைத்தான் செய்கிறது. ராமில் இடம் இல்லாதபோது கொஞ்சத்தை டிஸ்க்கில் இறக்கி வைத்து, தேவைப்படும்போது மறுபடி எடுத்து வருகிறது. கேமில் படம் திக்கித் திக்கி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, மேஜையைத் தேவைக்கு மேல் நான்கு மடங்கு பெரிதாகப் போட்டால்? பொட்டலம் கட்டும் ஆளின் கை வேகம் கூடாது. மேஜையின் முக்கால் பங்கு சும்மா கிடக்கும். அதற்கும் நாம் காசு கொடுத்திருப்போம். 16 ஜி.பி. போதுமான கேமுக்கு 64 ஜி.பி. போட்டால் கிடைக்கும் லாபம் அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் அந்தத் தம்பி சொன்னார். கேமுக்கான கிராபிக்ஸ் கார்டில் தனியாக ஒரு மெமரி உண்டு. படம் வரைகிற ஆளுக்கு என்று போட்ட தனி மேஜை அது. தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் படம் வரைகிற ஆளும் இந்த முன்கடை மேஜையிலேயே பங்கு கேட்பார். அப்போது 8 ஜி.பி. என்று போட்டிருந்தாலும் முழுதாக நமக்குக் கிடைக்காது.

அந்தக் காலத்து அளவும் இந்தக் காலத்து அளவும்

1993 டிசம்பரில் 'டூம்' என்ற கேம் வந்தது. உலகமே விளையாடிய அந்தக் கேமுக்கு 4 எம்.பி. ராம் இருந்தால் போதும். 1995-ல் வந்த விண்டோஸ் 95-க்கும் குறைந்தபட்சத் தேவை 4 எம்.பி. தான். 1999-ல் நான் கடைக்கு வாங்கிய முதல் கம்ப்யூட்டரில் 32 எம்.பி. இருந்தது. "இது உங்க காலத்துக்கும் போதும் அண்ணாச்சி" என்று சொல்லிக் கொடுத்தார்கள். 2021-ல் வந்த விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சமே 4 ஜி.பி. அதாவது, அந்த 4 எம்.பி.யைப் போல 1024 மடங்கு.

கேம்களைப் பார்ப்போம். 'வாலரன்ட்' என்ற கேம் 4 ஜி.பி. இருந்தாலே ஓடும் என்று அதன் நிறுவனம் சொல்கிறது. 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த 'ஜி.டி.ஏ. 5' குறைந்தது 4, பரிந்துரை 8 என்றது. 2023-ல் வந்த 'கவுன்டர் ஸ்ட்ரைக் 2'-க்கு 8 ஜி.பி. வேண்டும். அதே ஆண்டில் வந்த 'ஹாக்வார்ட்ஸ் லெகஸி' குறைந்தபட்சமே 16 கேட்டது. விமானம் ஓட்டும் 'பிளைட் சிமுலேட்டர் 2024' குறைந்தது 16, பரிந்துரை 32 என்கிறது.

ஒரே கேமின் தேவை வளர்வதும் உண்டு. 'சைபர்பங்க் 2077' 2020-ல் வந்தபோது குறைந்தது 8, பரிந்துரை 12 என்றார்கள். 2023-ல் புதிய பதிப்பு வந்தபோது அதுவே 12, 16 என்று ஏறியது.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் கணக்கு எளிது. பில் போடவும் கணக்கு எழுதவும் 8 ஜி.பி. தாராளம். பழைய கேம், லேசான கேம் என்றாலும் 8-ல் ஓட்டிவிடலாம். ஆனால் இழுத்துப் பிடித்துத்தான். இன்றைய கேம்களுக்கு 16 சரியான அளவு. விளையாடிக்கொண்டே வீடியோ பதிவு செய்கிறவர், எடிட்டிங் செய்கிறவர், கனமான புதிய கேம்களையே விளையாடுகிறவர் 32-க்குப் போகலாம். விளையாட்டுக்காக மட்டும் 64 வாங்குவது அகலக்கால்.

கடையில் கிடைத்த பாடம்

இதை நான் ஏட்டில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. அந்த ஆண்டு தீபாவளி சீசனில் என் கடையிலேயே பார்த்தேன்.

சீசன் நாட்களில் நம் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சிவகாசியில் பட்டாசு வாங்கிவிட்டுப் போகிற வண்டிகள், சுற்று வட்டாரச் சில்லரைக் கடைக்காரர்கள் என்று கூட்டம் நிற்கும். எங்கள் பில் கம்ப்யூட்டர் அன்று ஒரு பில்லுக்கு ஊர்ந்தது. எண்ணெய் டின்னை ஏற்றிவிட்டு லோடுமேன் காத்திருக்கிறார், பில் வரவில்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் "அப்புறம் வர்றோம் அண்ணாச்சி" என்று கிளம்பிவிட்டார்கள். கோபத்தில், பில் போடும் பெண்ணை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். "கை ஓடலையாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை பதில் சொல்லவில்லை.

அதற்கு முன் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டியபோது, "பழசாகிப் போச்சு, புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்று சாயங்காலம் பேரன் வந்தான். கீபோர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினான். 'டாஸ்க் மேனேஜர்' என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் மெமரி தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டி நின்றது. "மொத்தமே 4 ஜி.பி. தான் தாத்தா இருக்கு. அக்கா என்ன பண்ணுவாங்க?" என்றான்.

காலியாக இருந்த இன்னொரு ஸ்லாட்டில் மறுநாள் 8 ஜி.பி. ஸ்டிக் ஒன்று போட்டோம். அதே கம்ப்யூட்டர், அதே பெண், பில் அடுத்தடுத்து வந்தது. மேஜை சிறியது என்று தெரியாமல் ஆளைத் திட்டியிருக்கிறேன். அந்தப் பிள்ளையிடம், "தப்பு என் மேலதாம்மா" என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். பேரன் கேட்டதை அதன் பிறகு நான் வெறும் விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

மெமரிக்கும் மார்க்கெட் உண்டு

பொங்கலுக்குக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று முடிவு செய்து, 2026 ஜனவரியில் விலை கேட்டேன். தீபாவளிக்கு முன் நான் வாங்கிய அதே 8 ஜி.பி. ஸ்டிக்கின் விலை இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. "இன்னிக்கு விலை இன்னிக்கு மட்டும்தான் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். நாம் வாடிக்கையாளரிடம் சொல்லும் வசனத்தை நமக்கே சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். விசாரித்ததில், அவர் சொன்னதில் பொய் இல்லை.

உலகத்தில் இந்த மெமரி சில்லுகளைப் பெரும்பாலும் செய்து கொடுப்பவை மூன்றே நிறுவனங்கள். தென் கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். செயற்கை நுண்ணறிவுக்காகப் பெரிய பெரிய கம்ப்யூட்டர் கூடங்களைக் கட்டுகிறவர்கள் மெமரியை அள்ளிக் குவிக்கிறார்கள். 2025 அக்டோபரில் சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் இரண்டு கொரிய நிறுவனங்களோடும் சப்ளைக்கான உடன்பாட்டை அறிவித்தது. அந்தக் கூடங்களுக்கான உயர்ரக மெமரியில் லாபம் அதிகம். ஆகவே ஆலைகள் அந்தப் பக்கம் சாய்ந்தன. 2025 டிசம்பரில் மைக்ரான், 'குரூசியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தை விட்டு விலகுவதாகவே அறிவித்துவிட்டது. பழைய ரகமான டி.டி.ஆர்.4 உற்பத்தியையும் ஆலைகள் குறைத்துக்கொண்டு வந்ததால் அதுவும் சேர்ந்து ஏறியது.

நமக்கு இது புரியாத விஷயமா? மூன்றே மில், ஒரு பெரிய ஏற்றுமதிக்காரர் வந்து விளைச்சலுக்கு முன்பே மொத்தத்தையும் பேசி முடித்துவிட்டார், மிச்சம் இருப்பதைத்தான் சில்லரைக்கு விடுகிறார்கள். விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பேப்பரில் பார்த்து வளர்ந்த நமக்கு, மீதியை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் மனம் சபலப்படும். "இன்னும் ஏறும், இப்பவே 64 வாங்கிப் போட்டுறலாம்" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் சரக்கில் ஊக வியாபாரம் கூடாது. விலை ஏறிய காலத்தில்தான் தேவையை இன்னும் கறாராக அளக்க வேண்டும். 8 ஜி.பி. ஸ்டிக் இரண்டு, மொத்தம் 16 வாங்கினோம். நான்கு ஸ்லாட் உள்ள போர்டாகப் பார்த்து எடுத்ததால் இரண்டு காலியாக இருக்கிறது. பின்னால் தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம். மிச்சப்பட்ட பணத்தில் கொஞ்சம் நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்க முடிந்தது. கேமுக்கு அதுதான் அதிகம் உதவுகிறது என்று பேரனே ஒப்புக்கொண்டான்.

வாங்கும் முன் கவனிக்க

1. எந்தக் கேம் என்று முதலில் கேளுங்கள். ஒவ்வொரு கேமுக்கும் 'குறைந்தபட்சம்', 'பரிந்துரை' என்று இரண்டு அளவு கொடுத்திருப்பார்கள். இரண்டாவதைப் பார்த்து வாங்குங்கள்.

2. ஒரே 16 ஜி.பி. ஸ்டிக்கை விட, ஒரே மாதிரியான இரண்டு 8 ஜி.பி. ஸ்டிக் நல்லது. இரண்டு வாசலில் சரக்கு இறங்குவது போல வேகம் கிடைக்கும்.

3. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று ரகம் உண்டு. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது. போர்டுக்கு ஏற்றதைக் கேட்டு வாங்குங்கள்.

4. சில லேப்டாப்களில் ராமைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். பின்னால் கூட்ட முடியாது. அதில் மட்டும் முதலிலேயே போதுமானதாக எடுங்கள்.

5. ராம் எவ்வளவு, கிராபிக்ஸ் மெமரி எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள்.

6. செல்போன் விளம்பரத்தில் "8 + 8 = 16 ஜி.பி." என்று போடுவார்கள். இரண்டாவது 8 என்பது ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கிய இடம். சாக்கையும் சேர்த்து எடை போட்ட கணக்கு.

7. ஜி.எஸ்.டி. பில்லும் வாரண்டியும் இல்லாமல் வாங்காதீர்கள். நாமே பில் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

பேரனோடு நானும் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். பணம் வைத்து ஆடும் ஆட்டம் எதுவும் அந்தக் கம்ப்யூட்டரில் கூடாது. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசுச் சட்டமே அதைத் தடை செய்திருக்கிறது. பரீட்சை நேரத்தில் கேம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் கடையின் இருப்புக் கணக்கை அவன் சரிபார்த்துத் தர வேண்டும். இதுவரை ஒரு வாரம்தான் தவறியிருக்கிறான்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சீசன் தொடங்கும் முன், கூட்டமாக இருக்கும் ஒரு நேரத்தில் உங்கள் பில் கம்ப்யூட்டரில் அந்த மூன்று பட்டன்களையும் அழுத்தி மெமரியைப் பாருங்கள். எண்பது சதவீதத்துக்கு மேல் எப்போதும் நின்றால், கொஞ்சம் மெமரி கூட்டுங்கள். பில் போடுகிறவரைக் கடிந்துகொள்வதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.