பற்பசைக்கு எதற்குப் பெட்டி?

சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை 3 முதல் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு கொடுக்கிறோம். பானப் புட்டிக்கும் டின்னுக்கும் 10 காசு முன்பணம் வாங்கி, காலியாகத் திருப்பித் தந்தால் அதைக் கொடுத்துவிடும் திட்டத்துக்கும் சட்டம் வந்துவிட்டது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. ஆனால் அந்தப் பைக்குள் போகும் சில்லறைச் சாமான்களைக் கேட்பார் இல்லை. பற்பசைக் குழாய்க்கு ஓர் அட்டைப்பெட்டி. சலுகை விலையில் இரண்டு என்றால் இரு பெட்டிகளையும் சேர்த்து இறுக்கிய பிளாஸ்டிக் உறை. முகக் களிம்புக்கு இரட்டைச் சுவர் வைத்த தடித்த டப்பி, திருகு மூடிக்குக் கீழே இன்னொரு மூடி, எல்லாவற்றுக்கும் மேலே பளபளக்கும் பெட்டி. நாலு சவர பிளேடுக்கு உள்ளங்கையைவிடப் பெரிய அட்டை. குழாயும் டப்பியும் பொருளைக் காக்கின்றன. மற்றவை கடை அடுக்கில் இடம்பிடிக்கவும் கண்ணை இழுக்கவுமே இருக்கின்றன. வீடு வந்ததும் குப்பைக்குப் போகின்றன.

இது கணக்கில் ஏறாமல் போவதற்கு முக்கியக் காரணம் எடை. ஆண்டு விற்றுமுதல் 1 கோடி வெள்ளிக்கு மேல் உள்ள நிறுவனங்கள், தாங்கள் சந்தைக்குக் கொண்டுவரும் உறைகளின் எடையை 2021 முதல் கணக்கிட்டு அரசிடம் தெரிவிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கிலோக் கணக்கில் பார்த்தால் கண்ணாடிப் புட்டிக்கு முன்னால் ஷாம்பு பாக்கெட் ஒன்றுமே இல்லை. அந்த லேசான உறைதான் மறுசுழற்சிக்கு மிகவும் அடம்பிடிப்பது. பிளாஸ்டிக்கையும் அலுமினியத் தாளையும் ஒட்டிச் செய்ததைப் பிரித்தெடுப்பது கடினம். பசையோ எண்ணெயோ உள்ளே மிச்சமிருக்கும். சிறிய மூடிகள் தரம்பிரிக்கும் இடத்தில் நழுவிவிடும். 2023இல் சிங்கப்பூரில் பிளாஸ்டிக் மறுசுழற்சி விகிதம் வெறும் 5 விழுக்காடு. மக்கள் நீலத் தொட்டியில் போட்டால் போதும் என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை; தொட்டிக்கு வருமுன்பே உறை குறைய வேண்டும்.

லிட்டில் இந்தியாவில் விதிகளின் ஓட்டை இன்னும் பெரிது. டன்லப் ஸ்திரீட்டிலும் பஃபலோ ரோட்டிலும் உள்ள சிறு மளிகைக் கடைகளுக்குப் பைக் கட்டணமும் கிடையாது, எடைக் கணக்கும் கிடையாது. அங்கே விற்கும் பொருள்களில் ஷாம்பு பாக்கெட்டும் ஒன்று. கடலூரில் வேர்விட்டு 1980களில் இந்தியா முழுவதும் பரவிய அதை இங்கே ஏழைகளுக்கு உதவும் பொருள் என்று ஆதரிப்பவர்கள் உண்டு. ஊரில், அன்றாடக் கூலியில் ஒரு குளியலுக்கு மட்டும் ஷாம்பு வாங்க முடிந்தது. அது மெய்யான உதவி. இங்குள்ள வெளிநாட்டு ஊழியர் மாதச் சம்பளக்காரர். தங்கும் விடுதியின் பொதுக் குளியலறைக்கு எடுத்துச் செல்ல அவருக்குச் சின்னதாக ஒன்று வேண்டும், அவ்வளவுதான். மீண்டும் நிரப்பிக்கொள்ளும் கையடக்கப் புட்டி அதைச் செய்துவிடும். டின்னிலிருந்து எண்ணெய் அளந்து ஊற்றி விற்ற மரபு நம் மளிகைக் கடைகளுக்கே உரியது.

குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறோமே, பிறகென்ன என்பார்கள். எரித்தால் கன அளவு பத்தில் ஒரு பங்காகும் என்பது உண்மை. அந்தப் பத்தில் ஒரு பங்கு படகேறிப் போவது 1999இல் திறந்த செமாக்காவ் தீவுக்கு. நாட்டின் ஒரே குப்பை நிரப்பிடமான அது 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்பது அரசின் கணிப்பு. அட்டைப்பெட்டியின் சாம்பல் சிறிதுதான். ஆனால் பிளாஸ்டிக்கை எரிப்பது எண்ணெயை எரிப்பதுதான். அதில் எழும் கரிவாயு தீவுக்குப் போவதில்லை, காற்றில் கலக்கிறது.

சிறிய சந்தை, இறக்குமதிச் சரக்கு, நமக்காக யார் உறையை மாற்றுவார்கள் என்ற கேள்வி எஞ்சுகிறது. மாற்றவைக்கும் வேலையைப் பெரிய சந்தைகள் செய்துகொண்டிருக்கின்றன. தென்கொரியாவில் சோப்பு, ஷாம்பு வகை உறைக்குள் 15 விழுக்காட்டுக்கு மேல் காலி இடமோ இரண்டு அடுக்குக்கு மேல் உறையோ கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அளவைப் பெரிதாகக் காட்டும் இரட்டைச் சுவருக்கும் போலி அடித்தட்டுக்கும் 2030 முதல் தடை. அங்கே அனுப்பும் ஒல்லியான உறையையே இங்கேயும் அனுப்பு என்று கேட்க, சிங்கப்பூர் எடையோடு காலி இடத்தையும் அடுக்கையும் விதியில் எழுதினால் போதும்.