இரைச்சலை அறிந்து கருவியைத் தேர்க

தேர்வுக் காலத்தில் படிப்பதற்கு அமைதி வேண்டும். பெருநகரக் குடியிருப்புகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. கோடையில் கூலரின் இரைச்சல், மின்தடையின்போது ஜெனரேட்டரின் முழக்கம், தெருவில் ஊர்திகளின் ஒலி, அடுத்த அறையில் தொலைக்காட்சி எனப் பல ஒலிகள் நம்மைச் சூழ்கின்றன. தனியறை இல்லாத வீட்டில் படிக்கும் மாணவர் பலர் இரைச்சல் நீக்கும் ஹெட்போனை விரும்புகின்றனர். இவற்றுள் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டுவனவும் உண்டு. இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைப்பனவும் உண்டு. பெற்றோர் உழைத்து ஈட்டிய பணம் வீணாகாமலிருக்க, அக்கருவி செயல்படும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

இருவகை வழிகள்

முதல் வழி தடுத்தல். காதை மூடும் மெத்தையோ காதுத்துளையில் பொருந்தும் சிலிக்கோன் முனையோ வெளியொலியைத் தடுக்கிறது. இதற்கு மின்சாரம் தேவையில்லை.

இரண்டாம் வழி எதிர் அலை. ஒலி என்பது காற்றில் பரவும் அலை. கருவியிலுள்ள சிறிய ஒலிவாங்கி வெளி இரைச்சலைப் பெறுகிறது; மின்சுற்று அதற்கு நேர்மாறான அலையை எழுப்புகிறது. ஓர் அலையின் மேடும் மற்றதன் பள்ளமும் சேரும்போது ஒலி தணிகிறது. இக்கருத்திற்கு ஜெர்மானியரான பால் லூயெக் 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலைப் போராட்ட வீரர் ஒருவரின் மகன் அமர் போஸ். இவர் 1978-இல் விமானத்தில் பயணம் செய்தபோது, எந்திர இரைச்சலால் இசையைக் கேட்க இயலவில்லை. அப்பயணத்திலேயே அதற்குத் தீர்வு காணும் கணக்குகளைத் தொடங்கினார். 1989-இல் விமானிகளுக்கான இரைச்சல் நீக்கும் கருவியை அவரது நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

எந்த ஒலி குறையும்?

கூலர், மின்விசிறி, தொடர்வண்டி ஆகியவற்றின் ஒலி தாழ்ந்தது, சீராகத் தொடர்வது. எதிர் அலை இதனை நன்கு குறைக்கும். பேச்சு, குழந்தையின் அழுகை, ஊர்தியின் ஒலிப்பான் ஆகியவை நொடிக்கு நொடி மாறுவன; உயர்ந்த சுருதி உடையன. இவற்றை எதிர் அலை ஓரளவே குறைக்கும். மெத்தையும் சிலிக்கோன் முனையுமே பெரும்பாலும் தடுக்கின்றன.

ஆகவே, விடுமுறையில் தில்லியிலிருந்து சென்னைக்குத் தொடர்வண்டியில் செல்பவருக்கு இக்கருவி பெரிதும் உதவும். தம்பி தங்கையரின் பேச்சொலியைக் குறைக்க விரும்புபவருக்கோ, காதில் நன்கு பொருந்தும் எளிய இயர்போனே போதுமானதாக இருக்கலாம். சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் நுரைக் காதடைப்பான்களும் பயன் தரும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. பெட்டியில் ‘ஏஎன்சி’ என்றிருப்பின், நம் காதில் விழும் இரைச்சலை அக்கருவி குறைக்கும். ‘ஈஎன்சி’ என்பது, நாம் தொலைபேசியில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு நம் குரலைத் தெளிவாகக் கேட்கச் செய்வது. விலை குறைந்த கருவிகள் பலவற்றில் இரண்டாவது மட்டுமே இருக்கும். ஓர் எழுத்து வேறுபாட்டால் ஏமாறுதல் கூடாது.

2. ‘30 டெசிபல் வரை’ என்னும் எண் எல்லா ஒலிக்கும் பொருந்தாது. ‘வரை’ என்னும் சொல்லைக் கருத்துடன் படிக்க வேண்டும்.

3. சிலிக்கோன் முனைகள் பல அளவுகளில் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். முனை பொருந்தாவிடின் உயர்ந்த விலையுள்ள கருவியும் பயன்படாது.

4. இரைச்சல் நீக்கத்தை இயக்கினால் மின்கலம் விரைவில் தீரும். அந்நிலையில் எத்தனை மணி நேரம் உழைக்கும் என்பதைக் கேட்டறிய வேண்டும்.

5. அதிகபட்ச சில்லறை விலை, உத்தரவாதக் காலம் ஆகியவற்றைச் சரிபார்த்து, பற்றுச்சீட்டைப் பெற்றுப் பாதுகாக்க வேண்டும். குறை ஏற்படின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

செவியைக் காத்தல்

சிறுவர் கேட்கும் ஒலி 75 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரத்தைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வெளி இரைச்சல் குறைந்தால் ஒலியளவைக் கூட்டும் தேவையும் குறையும். இதுவே இக்கருவியின் சிறந்த பயன். எனினும், சாலையைக் கடக்கும்போது இதனை அணிதல் கூடாது. நாம் விலக்க விரும்பும் ஒலியே அங்கு நம் உயிரைக் காப்பது.

சொற்பொருள்
சுருதி – ஒலியின் உயர்வு தாழ்வு
காப்புரிமை – புதிய கண்டுபிடிப்பிற்கு அரசு அளிக்கும் உரிமை
பற்றுச்சீட்டு – பணம் செலுத்தியதற்கான சான்று

வினாக்கள்
1. இரைச்சலைக் குறைக்கும் இரு வழிகள் யாவை?
2. பேச்சொலியை எதிர் அலை முழுமையாகக் குறைக்காதது ஏன்?
3. ‘ஏஎன்சி’, ‘ஈஎன்சி’ – வேறுபடுத்துக.

செயல்பாடு
உங்கள் வீட்டில் ஒரு மாலைப்பொழுதில் கேட்கும் ஒலிகளைச் ‘சீராகத் தொடர்வன’, ‘மாறுவன’ என இரண்டாகப் பிரித்து எழுதுக. உங்களுக்கு எக்கருவி தேவை, அல்லது எக்கருவியும் தேவையில்லையா என்பதைக் காரணத்துடன் ஐந்து தொடர்களில் விளக்குக.